நாடு மாறிய பிறகு எந்த மைலேஜ் திட்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, படிப்பு, திருமணம் என்று நாடு மாறியவர்கள் விமான மைல் கணக்குகளைப் பற்றிக் கேட்பவை இவை. மைல் என்பது பறக்கும்போதும் கார்டில் செலவழிக்கும்போதும் விமான நிறுவனத்தின் கணக்கில் சேரும் புள்ளி, பின்னால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். திட்டங்களின் விதிகள் அடிக்கடி மாறும். கணக்கு தொடங்குமுன் அந்தந்தத் திட்டத்தின் பக்கத்தில் இன்றைய விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாடு மாறினால் திட்டத்தையும் மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலான திட்டங்களில் யாரும் எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். சென்னையில் இருக்கும்போது தொடங்கிய கணக்கு டொரொன்டோவிலும் செல்லும். ஆனால் நீங்கள் ஏறும் விமானமும் பையில் இருக்கும் கிரெடிட் கார்டும் மாறிவிடும். மைல் வருவது இந்த இரண்டு வழியிலும்தான். இரண்டும் மாறிய பின் பழைய கணக்கு தானாக வறண்டுபோகும். அதனால் பழையதை மூட வேண்டாம், புதியது ஒன்றைத் தொடங்குங்கள். ஒன்றே ஒன்று போதும்.

எதை முதலில் பார்ப்பது? எல்லோரும் லவுஞ்ச், கோல்டு கார்டு என்கிறார்களே?

லவுஞ்ச் என்பது விமான நிலைய ஓய்வறை, கோல்டு என்பது அடிக்கடி பறப்பவருக்குத் திட்டம் தரும் உயர்நிலை. அவற்றைக் கடைசியில் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்கு எக்கானமி டிக்கெட்டில் கோல்டு கிடைப்பது அரிது. முதலில் பார்க்க வேண்டியது மைல் எப்போது காலாவதியாகிறது என்பது. அடுத்து, குடும்பத்தின் மைல்களை ஒரே கணக்கில் சேர்க்க முடியுமா என்பது. மூன்றாவது, புதிய நாட்டு வங்கிக் கார்டின் புள்ளிகள் அந்தத் திட்டத்துக்கு மாறுமா என்பது. விமான நிறுவனத்தின் பெயரும் புகழும் இதற்கெல்லாம் பிறகுதான்.

காலாவதி விதியில் அப்படி என்ன வித்தியாசம்?

மூன்று வகை உண்டு.

முதல் வகையில், ஈட்டிய நாளிலிருந்தே கடிகாரம் ஓடும். நடுவில் நீங்கள் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைல் குறித்த நாளில் போய்விடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் 36 மாதம். எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸில் குறைந்தது மூன்று ஆண்டு, அதன்பின் வரும் உங்கள் பிறந்த மாத இறுதியில் போகும்.

இரண்டாவது வகையில், கணக்கில் ஏதாவது வரவோ செலவோ நடந்தால் மொத்த இருப்பும் புதுப்பிக்கப்படும். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் பயன்படுத்தும் ஏவியோஸ் என்ற புள்ளிகளுக்கு 36 மாத அவகாசம், அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்வான்டேஜுக்கு 24 மாதம், ஏர் கனடாவின் ஏரோபிளானுக்கும் குவான்டாஸுக்கும் 18 மாதம். 18 மாதம் என்றதும் பயப்பட வேண்டாம். இணையக் கடையில் ஒரு சிறு பொருள் வாங்கி 20 புள்ளி வந்தாலே கணக்கு உயிர்பெறும். இதே காரணத்தால் 18 மாத ஏரோபிளான் 36 மாத கிரிஸ்ஃப்ளையரைவிடத் தாராளமானது.

மூன்றாவது வகையில் காலாவதியே இல்லை. யுனைடெட், டெல்டா இரண்டும் அப்படி.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஊருக்குப் போகிறவர் முதல் வகையில் சேர்ந்தால், ஒரு டிக்கெட்டுக்குப் போதுமான மைல் சேருமுன்பே முதல் பயணத்தின் மைல் கரைந்துவிடும்.

கூட்டணி என்கிறார்களே, அது என்ன?

ஒரு நிறுவனத்தில் பறந்து இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் மைல் வாங்க வழிசெய்யும் ஏற்பாடு. ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்ட் 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தொடங்கின. தமிழ்நாடு, இலங்கைப் பயணிகளுக்கு முதல் இரண்டும்தான் முக்கியம். ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்ஸா, ஏர் கனடா, யுனைடெட் ஆகியவை ஸ்டாரில். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், மலேசியா ஏர்லைன்ஸ், கேத்தே, ஸ்ரீலங்கன், குவான்டாஸ், அமெரிக்கன் ஆகியவை ஒன்வேர்ல்டில். எமிரேட்ஸும் எதிஹாடும் எந்தக் கூட்டணியிலும் இல்லை, தனித்தனியே கூட்டாளிகளை வைத்திருக்கின்றன.

ஒரு பொறி: பெரிய நிறுவனம் கூட்டணியில் இருந்தால் அதன் மலிவு விமானமும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஸ்கூட்டும் ஏர் இந்தியாவின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. கோல்டு கார்டைக் காட்டி ஸ்கூட் கவுன்டரில் கூடுதல் பெட்டி கேட்டால் கிடைக்காது.

சிங்கப்பூருக்கு வந்திருக்கிறேன். கிரிஸ்ஃப்ளையர்தானே சரி?

பறந்து மட்டும் சேர்ப்பதானால் சரியல்ல. கணக்கைப் பாருங்கள். சென்னை–சிங்கப்பூர் ஏறத்தாழ 1,800 மைல். மிக மலிவான எக்கானமி லைட் கட்டணத்தில் தூரத்தில் பாதிதான் வரவு. போய்வர மொத்தம் சுமார் 1,800 மைல். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மூன்று ஆண்டில் 5,400. நான்காம் ஆண்டில் முதல் 1,800 போய்விடும். ஆக இருப்பு எப்போதும் ஏறத்தாழ 5,400ஐத் தாண்டாது. சென்னைக்கு ஒருவழி மைல் டிக்கெட்டுக்குக்கூட இது போதாது. நான்கு பேர் குடும்பம் என்றால் இதே தொகை நான்கு கணக்குகளில் தனித்தனியே கிடக்கும். இங்கே குடும்பக் கணக்கு என்று ஒன்று சேர்க்க முடியாது.

அப்படியானால் சிங்கப்பூரில் எல்லோரும் ஏன் கிரிஸ்ஃப்ளையர் வைத்திருக்கிறார்கள்? கார்டினால்தான். டிபிஎஸ், யூஓபி, ஓசிபிசி, சிட்டி வங்கிகள் எல்லாவற்றின் புள்ளிகளும் அதற்கு மாறும். வாடகை நீங்கலாக மாதச் செலவு முழுவதையும் ஒரே மைல் கார்டில் ஓட்டினால்தான் திட்டம் பலன் தரும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வங்கியிலிருந்து மாற்றும் நாளில்தான் 36 மாதக் கடிகாரம் தொடங்கும். சில கார்டுகளின் புள்ளிகளுக்குக் காலாவதியே கிடையாது. அவற்றை வங்கியிலேயே விட்டுவைத்து, இருக்கை இருப்பதைப் பார்த்த பிறகு மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வங்கி கட்டணம் பிடிப்பதால் சிறுகச் சிறுக மாற்றுவதும் நஷ்டம்.

கார்டு எடுக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லையா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறந்தாலும் மைலை ஏரோபிளானிலோ யுனைடெட்டிலோ வரவு வைக்கலாம். குறைவாக வந்தாலும் ஏரோபிளானில் புதுப்பிக்கலாம், யுனைடெட்டில் கரையவே கரையாது. திருச்சி, கோயம்புத்தூர் ஆட்கள் பெரும்பாலும் மலிவு விமானங்களில் போவார்கள். அவர்களுக்கு மைல் கணக்கைவிட டிக்கெட் விலை குறையும் நாளைப் பிடிப்பதே லாபம்.

லண்டனில் இருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஏவியோஸ். ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸும் கொழும்புக்கு ஸ்ரீலங்கனும் நேரடியாகப் பறக்கின்றன. இரண்டும் ஒன்வேர்ல்ட். கத்தாரில் தோஹா வழியாகப் போனாலும் அதே ஏவியோஸ். இந்தக் கணக்குகளுக்கிடையே புள்ளிகளை நகர்த்தலாம், ஆனால் இரண்டிலும் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். செயின்ஸ்பரிஸில் மளிகை வாங்கி வரும் நெக்டர் புள்ளிகளை ஏவியோஸாக மாற்றினாலே 36 மாத அவகாசம் புதுப்பிக்கப்படும்.

வெள்ளி, தங்க நிலைகளை மறந்துவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் செலவழித்த பவுண்டைக் கணக்கிட்டுத்தான் நிலை தருகிறது. சில்வருக்கே 7,500 புள்ளி வேண்டும். ஆண்டுக்கொரு எக்கானமி டிக்கெட்டுக்கு எட்டாத உயரம்.

மைல் டிக்கெட் இலவசம் என்ற நினைப்பும் இங்கேதான் அதிகம் ஏமாற்றும். பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு விமானப் பயணிகள் வரி உண்டு, அதன்மேல் நிறுவனத்தின் சொந்தக் கூடுதல் கட்டணமும் சேரும். இந்த வரி புறப்படும்போதுதான், வந்திறங்கும்போது இல்லை. எனவே அம்மா அப்பாவைச் சென்னையிலிருந்து வரவழைக்கும் ஒருவழி டிக்கெட்டுக்கு ஏவியோஸைப் பயன்படுத்துவது, லண்டனிலிருந்து கிளம்பும் டிக்கெட்டுக்குப் பயன்படுத்துவதைவிடப் பொதுவாக மலிவாக முடியும். 16 வயது நிறையாத பிள்ளைகளுக்கு எக்கானமியில் இந்த வரி இல்லை.

டொரொன்டோ?

பெரும்பாலானவர்களுக்கு ஏரோபிளான். சென்னைக்கும் கொழும்புக்கும் அங்கிருந்து நேரடி விமானம் கிடையாது, ஏதோ ஓர் ஊரில் மாற வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழி லுஃப்தான்ஸா, டெல்லி வழி ஏர் இந்தியா அல்லது ஏர் கனடா, துபாய் வழி எமிரேட்ஸ் என்று எப்படிப் போனாலும் ஏரோபிளானில் வரவு வைக்க வழியுண்டு. எமிரேட்ஸ் கூட்டணியில் இல்லாவிட்டாலும் ஏர் கனடாவோடு தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. இத்தனை வழிகளை ஒரே கணக்கு தாங்குவது வேறெங்கும் கஷ்டம்.

இன்னும் இரண்டு காரணங்கள். குடும்பத்தில் உங்களையும் சேர்த்து எட்டுப் பேர் வரை புள்ளிகளை ஒரே தொட்டியில் சேர்க்கலாம். நான்கு பேர் ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்வந்தால் நால்வரின் புள்ளியும் ஒன்றாகி, ஒருவருக்காவது டிக்கெட் ஆகும் தொகையை விரைவில் எட்டும். மேலும் மைல் டிக்கெட்டில் எரிபொருள் கூடுதல் கட்டணம் வசூலிப்பதில்லை. விமான நிலைய வரியும், வேறு நிறுவன விமானமானால் 39 கனடா டாலர் கட்டணமும் மட்டும் சேரும். 5,000 புள்ளி கூடக் கொடுத்தால் ஒருவழிப் பயணத்தின் நடுவே வேறோர் ஊரில் சில நாள் தங்கியும் போகலாம்.

குறை இல்லாமலில்லை. 2026 முதல் ஏர் கனடா விமானங்களில் தூரத்துக்குப் பதில் டிக்கெட் விலைக்கேற்பவே புள்ளி. மலிவு டிக்கெட்டுக்கு முன்புபோல் வராது.

வளைகுடாவில் வேலை. எமிரேட்ஸ் கணக்கு பயனுள்ளதா?

கம்பெனி டிக்கெட்டில் ஆண்டுக்குப் பல முறை எமிரேட்ஸில் பறப்பவருக்கு மிகவும். சொந்தக் காசில் ஆண்டுக்கு ஒருமுறை எது மலிவோ அதில் போகிறவருக்கு அவ்வளவாக இல்லை. மைல்கள் நாலைந்து நிறுவனங்களில் சிதறி, எமிரேட்ஸில் சேர்ந்தது மூன்றாண்டில் போகும். தோஹாவில் இருப்பவர் நிலைமை மேல், ஏவியோஸ் புதுப்பிக்கக் கூடியது.

அமெரிக்கா?

சென்னைக்குப் போகும் பாதையைக் கவனித்தால் அமெரிக்கனின் அட்வான்டேஜ் பலருக்குப் பொருந்தும். கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், எதிஹாட் மூன்றிலும் ஈட்டலாம், செலவழிக்கலாம். இவற்றில் பிரிட்டிஷ் ஏர்வேஸில் மட்டும் மைல் டிக்கெட்டுக்குக் கூடுதல் கட்டணம் கனமாக வரும்.

உள்நாட்டில் அடிக்கடி பறப்பவருக்கு ஒரு வினோதம். யுனைடெட்டின் சொந்தக் கோல்டு உறுப்பினருக்கு அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் யுனைடெட் லவுஞ்ச் கிடையாது. அதே விமானத்தில் ஏறும், வேறு நாட்டுத் திட்டத்தில் ஸ்டார் கோல்டு (ஸ்டார் அலையன்ஸ் முழுவதும் செல்லும் கோல்டு நிலை) வாங்கியவருக்கு உண்டு. ஏற்கெனவே கிரிஸ்ஃப்ளையர் கோல்டோ ஏர் இந்தியா கோல்டோ இருந்தால், அமெரிக்கா போன முதல் ஆண்டே அவசரப்பட்டு யுனைடெட்டுக்கு மாறாதீர்கள்.

ஆஸ்திரேலியா?

குவான்டாஸ். அங்குள்ள கார்டுகளும் கடைகளும் அதைச் சுற்றியே இயங்குகின்றன. சேர 99.50 ஆஸ்திரேலிய டாலர் என்று காட்டும். கூட்டாளி நிறுவனங்கள் வழியாக இலவசமாகச் சேரும் சலுகை அடிக்கடி வரும், காசு கொடுத்துச் சேர வேண்டாம்.

ஒரே தூரம்தான் பறந்தோம். நண்பருக்கு முழு மைல், எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஏன்?

முன்பதிவு வகுப்பு எழுத்து. இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். இருவரும் எக்கானமியில் அருகருகே உட்கார்ந்திருக்கலாம், ஆனால் எழுத்து வேறு. மலிவு எழுத்துகளுக்கு ஒரு கூட்டாளித் திட்டம் 25 சதவீதம் தரும், இன்னொன்று ஒன்றுமே தராது. ஏஜென்ட் விற்கும் குழுக் கட்டணங்களில் இது அடிக்கடி நடக்கும். டிக்கெட் வாங்குமுன் உங்கள் திட்டத்தின் பக்கத்தில் அந்த விமான நிறுவனத்தின் பெயரைத் தேடி, அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் எண்ணும் பறப்பது இன்னொன்றுமாக இருந்தால், சில திட்டங்களில் பறக்கும் நிறுவனத்தின் அட்டவணையும் சிலவற்றில் எண்ணுக்குரிய நிறுவனத்தின் அட்டவணையும் செல்லும்.

பெயர்ப் பிரச்சினை: எனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் இல்லை. கணக்கில் எப்படிப் போடுவது?

தமிழர்களின் மைல்கள் வராமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். விதி ஒன்றுதான்: டிக்கெட்டில் பெயர் எப்படி அச்சாகிறதோ அப்படியே கணக்கிலும் இருக்க வேண்டும். டிக்கெட் பாஸ்போர்ட்டைப் பின்பற்றும். எனவே பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள்.

பாஸ்போர்ட்டில் இயற்பெயர் முருகன், குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் சண்முகம் என்றால் சிக்கலில்லை. கணக்கிலும் அதே வரிசை. ஊரில் இருக்கும்போது ‘எஸ். முருகன்’ என்று தொடங்கிய கணக்கைத் திருத்தியாக வேண்டும். இணையதளத்தில் பெயரை நீங்களே மாற்றப் பெரும்பாலும் முடியாது. பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை இணைத்து உறுப்பினர் சேவைக்கு அனுப்ப வேண்டும்.

குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி செய்யும். சிலது முருகன் முருகன் என்று இரண்டு முறை போடும். சிலது இயற்பெயர் இடத்தில் ‘மிஸ்டர்’ என்று நிரப்பும். சிலது எஃப்என்யூ என்று போடும், பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அமெரிக்க விசாவிலும் இயற்பெயர் இடத்தில் எஃப்என்யூ வரும், அங்கே வாங்கும் ஆவணங்களிலும் அது ஒட்டிக்கொள்ளும். நீங்கள் அதிகம் பறக்கும் நிறுவனம் எந்த மாதிரி போடுகிறது என்று பழைய டிக்கெட்டில் பார்த்து, கணக்கையும் அதே மாதிரி வையுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். அப்படிச் செய்தால் எல்லா மைல் கணக்குகளையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

மைல் வரவில்லை. எப்படிக் கேட்பது?

பறந்து இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு திட்டத்தின் இணையதளத்தில் விடுபட்ட மைல் படிவத்தில் 13 இலக்க டிக்கெட் எண்ணைப் போடுங்கள். ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடான பிஎன்ஆர் போதாது. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: ஏர் இந்தியா 098, சிங்கப்பூர் 618, எமிரேட்ஸ் 176, கத்தார் 157, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, ஏர் கனடா 014, ஸ்ரீலங்கன் 603. போர்டிங் பாஸையும் கேட்பார்கள். செல்பேசி போர்டிங் பாஸ் பறந்த சில நாளில் மறைந்துவிடலாம், ஏறுமுன் படம் எடுத்து வையுங்கள். பல திட்டங்களில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

ஒரு பயணம் ஒரு திட்டத்தில்தான் வரவாகும். பழைய கணக்கில் ஏறிவிட்டால் புதியதற்கு மாற்ற முடியாது. ஏஜென்டிடமும் அலுவலகப் பயணப் பிரிவிலும் பழைய எண் பதிவாகியிருக்கும், அது சத்தமில்லாமல் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஏறிக்கொண்டேயிருக்கும். செக்-இன் செய்யும்போது போர்டிங் பாஸில் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

பழைய திட்டத்தில் கோல்டு இருக்கிறது. புதியதில் அதையே கேட்கலாமா?

சில நிறுவனங்கள் போட்டி நிறுவனத்தின் கார்டைப் பார்த்து அதே நிலையைச் சில மாதம் தரும். அந்த மாதங்களில் குறிப்பிட்ட அளவு பறந்தால் நீட்டிக்கும். யுனைடெட், டெல்டா இரண்டிலும் உண்டு. பொதுவாக அதே கூட்டணிக்குள்ளிருந்து ஏற்க மாட்டார்கள், அங்கேதான் ஏற்கெனவே சலுகை கிடைக்கிறதே. வாழ்நாளில் ஒருமுறை, அல்லது சில ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. அதனால் நாடு மாறிய மறுநாளே கேட்டு வீணாக்காமல், அதிகம் பறக்கப்போகும் காலாண்டின் தொடக்கத்தில் கேளுங்கள்.

ஸ்டார் கோல்டின் உண்மையான மதிப்பு நம் ஆட்களுக்கு லவுஞ்சில் இல்லை, தராசில் இருக்கிறது. எடைக் கணக்கு உள்ள பயணத்தில் 20 கிலோ கூடுதல், பெட்டிக் கணக்கில் ஒரு பெட்டி கூடுதல். வடகமும் ஊறுகாயும் தூக்கிப்போகிறவருக்கு அது போதாதா?

கிளம்புமுன் ஊரில் என்ன செய்துவிட வேண்டும்?

மைல் கணக்கிலும் வங்கியிலும் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பாருங்கள். ஓடிபி செத்துப்போன இந்திய எண்ணுக்குப் போனால் கணக்குக்குள் நுழையவே முடியாது. புதிய எண் வரும்வரை பழைய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். அலுவலக மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கு வேலையை விட்ட அன்றே கைவிட்டுப் போகும், சொந்த முகவரிக்கு மாற்றுங்கள்.

இந்தியக் கார்டை மூடுவதாக இருந்தால் அதன் புள்ளிகளை முதலில் ஒரு மைல் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். கார்டு மூடியதும் புள்ளியும் போய்விடும். மாற்றும்போது புதுப்பிக்கக்கூடிய திட்டத்தையே தேர்ந்தெடுங்கள். அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டு வைத்திருப்பவர் அதை மூடுமுன், புதிய நாட்டில் அந்த உறவை வைத்தே கார்டு கேட்க முடியுமா என்று விசாரிக்கலாம். கடன் வரலாறு இல்லாத முதல் ஆண்டில் இது உதவும்.

புதிய நாட்டு முகவரியில் அதே திட்டத்தில் இன்னொரு கணக்கு தொடங்கிவிட்டேன்.

ஒருவருக்கு ஒரு கணக்குதான். இரண்டையும் இணைக்கச் சொல்லி எழுதுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் ஒன்றை மூடக்கூடும்.

குழந்தைகளுக்கும் கணக்கு வேண்டுமா?

இரண்டு வயது நிறைந்து தனி இருக்கை வாங்கினால் தொடங்குங்கள், அவர்கள் டிக்கெட்டுக்கும் மைல் வரும். மடியில் வரும் குழந்தைக்கு வராது.

ஒருவர் மைல் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். விற்கலாமா?

வேண்டாம். எல்லாத் திட்டங்களும் அதைத் தடைசெய்கின்றன. பிடிபட்டால் கணக்கை மூடுவார்கள், அந்த மைலில் எடுத்த டிக்கெட்டும் விமான நிலையத்தில் வைத்தே ரத்தாகலாம். அம்மா அப்பாவுக்கோ அக்காவுக்கோ உங்கள் மைலில் டிக்கெட் எடுப்பது வேறு, அது அனுமதிக்கப்பட்டதே. கிரிஸ்ஃப்ளையரில் அதற்கு அவர்களை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும், ஐந்து பேர் வரைதான். அந்தப் பட்டியலில் பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்தே தட்டச்சுங்கள்.